அசைய மறுத்த நட்டு

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் சில காலைகளில் என் வெள்ளைக் கார் மஞ்சளாகிவிடும். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் நிற்கும் அங்சானா மரங்கள் எப்போது பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திடீரென்று ஒரு நாள் பூக்கும். மறுநாள் விடிவதற்குள் அத்தனையையும் உதிர்த்துவிடும். மலையிலிருந்து இறங்கிய மேகம் கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்து நிற்கும். அந்த மேகத்துக்குள் எல்லாக் கார்களும் மஞ்சள் போர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் படுத்திருக்கும். வந்த புதிதில் சன்னலருகே காப்பியோடு நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்து, தொழிற்சாலைப் பேருந்தைத் தவறவிட்டிருக்கிறேன். காரணம் கேட்ட மேலாளரிடம் பூ உதிர்ந்தது என்று சொல்ல முடியாமல் வயிற்றுவலி என்று சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையும் கார் அப்படித்தான் மஞ்சளாகக் கிடந்தது. மாலையில் அதைப் பார்க்க ஒருவர் வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் வாங்கிக்கொள்வார். பூக்களைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்னொரு தடவை திருகியபோது அந்தச் சத்தமும் வரவில்லை.

கார் என் பெயரில் இருந்தாலும் ஓட்டியதெல்லாம் பெரும்பாலும் என் கணவர் செந்தில்தான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தபோது, அவரும் கூடவே கிளம்பி வந்தார். வீட்டிலிருந்தபடியே சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர்களும் அட்டைகளும் கணினியில் வடிவமைத்து அனுப்பினார். மாலையில் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் சுற்றுவார். மழை வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு, கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். போன வருடம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. செந்தில் அவசரமாகச் சிவகாசிக்குக் கிளம்பினார். கொஞ்ச நாளில் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிப் போனார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போக, நான் இங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு அங்கே போவது என்று ஒரு முடிவு எங்களிடையே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை முதலில் யார் சொன்னது என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. முதலில் காரை விற்க வேண்டும் என்றார் செந்தில். அங்கிருந்தபடியே இணையத்தில் விளம்பரம் கொடுத்து, ஆளையும் அவரே பிடித்தார்.

எங்கள் ஊரில் ஒரு பெண் காரின் முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றால், நாலு பேர் ஓடிவந்து, தள்ளும்மா, நாங்க பார்க்கிறோம் என்பார்கள். இங்கே யாரும் வரவில்லை. ஒரு சீனப் பெரியவர் தன் நாயோடு கடந்து போனார். எனக்கு அது வருத்தமாகவும் இருந்தது, பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

கடைசியில் வந்தவர் கீழ்வீட்டு பிலோமினா அக்கா. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். நாலு தலைமுறையாகப் பினாங்கில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம்.

"பசியாறிட்டீங்களா வனிதா? என்னா, காடி எடுக்கலையா?" என்று காரைக் காட்டிக் கேட்டார்.

"இல்லக்கா, சத்தமே வரல."

எட்டிப் பார்த்தார். "பேட்டரி செத்துப்போச்சு லா. ஓட்டாமலே போட்டா அப்படித்தான். வாங்க, பசார் பக்கத்துல கடை இருக்கு."

அக்காவின் காரில் போனோம். கடைக்காரர், இன்று வந்து மாட்டித்தர ஆள் இல்லை, ரெண்டு போல்ட்டுதானே, நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, புது பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்.

நான் செந்திலைக் காணொளியில் அழைத்தேன். பின்னால் கட்டிலில் மாமனார் சாய்ந்திருப்பது தெரிந்தது.

"மொதல்ல மைனஸக் கழட்டு. அப்புறம் ப்ளஸ். அதுக்கப்புறம் மேல ஒரு பட்டை பிடிச்சிருக்கும் பாரு, அந்த நட்டு" என்றார்.

பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. அக்கா வெந்நீர் கொண்டுவந்து ஊற்ற, அது நுரைத்துக் கரைந்தது. இரண்டு முனைகளும் கழன்றன. பேட்டரியை அழுத்திப் பிடித்திருந்த பட்டையின் நட்டுதான் அசையவில்லை. நட்டு எது, கம்பி எது என்று பிரிக்க முடியாதபடி துரு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. ஸ்பேனரை மாட்டித் திருகினால் வழுக்கியது. இரண்டாவது முறை என் விரல் முட்டி பட்டையில் இடித்துத் தோல் உரிந்தது.

"அது நான் அங்க இருந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்" என்றார் செந்தில். மாமனார் ஏதோ கேட்க, திரும்பிப் பார்த்து, "இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

சிவகாசியில் இரும்பு இப்படிப் போகாது. மாமனார் வீட்டு இரும்புக் கதவு நான் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து வெயிலில்தான் நிற்கிறது. சாயம் வெளுத்ததே தவிர, தாழ்ப்பாள் இன்றைக்கும் ஒரு விரலுக்கு நகரும். அங்கே மழை, எப்போதாவது வரும் விருந்தாளி. இங்கே மழையும் கடல்காற்றும் வீட்டு மனுஷர்கள் மாதிரி. நாம் கவனிக்காத நேரத்திலும் எதையாவது செய்துகொண்டே இருக்கின்றன.

துருவை இளக்கும் எண்ணெய் வாங்கச் சாலை முனையிலிருந்த இரும்புச் சாமான் கடைக்கு நான் மட்டும் போனேன். கடைக்காரரிடம் கைகளால் திருகிக் காட்டி, ஆங்கிலத்தில் எண்ணெய் என்றேன். அவர் முகம் மலர்ந்து, "காராட்? காராட்?" என்றார். நகைக்கடைப் பேச்சு எதற்கு என்று குழம்பி, தங்கம் இல்லை, இரும்பு என்றேன். அவர் விடாமல் "காராட் லா!" என்றார். சரி, காய்கறிதான் போலிருக்கிறது என்று நினைத்து, கேரட் பசாரில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒரு நீலக் குப்பியைக் கையில் வைத்து அனுப்பினார்.

திரும்பி வந்து சொன்னபோது அக்கா காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ வனிதா, மலாய்ல துருவுக்கு அதான் பேரு!"

எண்ணெயை அடித்துவிட்டு ஊறட்டும் என்று காத்திருந்தோம். மரத்தடி மேடையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. எங்கள் தலையிலும் மடியிலும் மஞ்சள் பூக்கள் விழுந்தபடி இருந்தன. எங்கோ மேல்மாடியில் ஒரு வானொலி தமிழில் பேசி, மலாயில் பாடியது. நேரம் நகர்கிறதா என்றே தெரியவில்லை. அப்படியே அந்த நட்டு கழலாமலே போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது.

"ஒன்னு கேக்கவா?" என்றார் அக்கா. "போகணும்னு உங்களுக்கு இருக்கா, அவருக்கு இருக்கா?"

"அவரால இப்ப வர முடியாதேக்கா."

"அது வேற. நான் கேட்டது வேற லா."

தொழிற்சாலையில் ஒரு மின்சுற்றுப் பலகை பழுதானால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையசைத்தால்தான் வரிசை நகரும். வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி, ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு, யாருடைய மனைவி என்றோ யாருடைய மருமகள் என்றோ யாருக்கும் தெரியாமல் நடந்து வீட்டுக்கு வருவேன். அந்தக் கொஞ்ச தூர நடை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை செந்திலிடம்கூட நான் சொன்னதில்லை. அதே நேரத்தில், அங்கே அவர் ஒற்றை ஆளாக அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதை நினைத்தால் சோறு இறங்காது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடும்போல் இருந்தது.

எழுந்து போய் மறுபடி முயன்றேன். முன்பக்கம் நின்று திருகிக் கை வலித்ததால் இந்தத் தடவை பக்கவாட்டில் நின்று ஸ்பேனரை மாட்டினேன். சுத்தியலால் நட்டின் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். 'கிரிச்' என்று ஒரு சத்தம்.

"வனிதா, அது இறுக்குற பக்கம்!" என்று அக்கா கத்தினார்.

உண்மைதான். நின்ற இடம் மாறியதில் திசை மாறிப்போயிருந்தது. ஆனால் அந்தத் தவறான இழுப்பில் துரு விட்டுக்கொடுத்திருந்தது. எதிர்ப்பக்கம் திருப்பியதும் நட்டு முனகிக்கொண்டே சுழன்று வந்தது. செம்பொடியாக உதிர்ந்த துருவோடு அது உள்ளங்கையில் விழுந்தபோது நான் அழுதுவிட்டேன். பழைய பேட்டரியை இருவருமாகத் தூக்கி இறக்கினோம். புதியதை வைத்து, அக்கா தன் வீட்டுப் பெட்டியில் தேடி எடுத்த வேறு நட்டால் பட்டையைப் பொருத்தினோம். சாவியைத் திருகியதும் கார் ஒரே மூச்சில் கிளம்பியது.

காரைப் பார்க்க வந்தவர் ஹாஃபிஸ் என்ற மலாய் இளைஞர். மோட்டார் சைக்கிளில் மனைவியோடு வந்திறங்கினார். இருவரும் காரைச் சுற்றி வந்தார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அந்தப் பெண் பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தபோது நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் விக்கிறீங்க, காக்? பாலிக் கம்போங் கா?" என்று ஹாஃபிஸ் மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா.

ஊருக்குத் திரும்புகிறீர்களா என்று கேட்கிறார் எனப் புரிந்துகொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் மாறியது. மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு மெதுவாக, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார். வரப்போகும் தீபாவளிக்கு ஊர் போய்வரும் செலவுக்காகக் காரை விற்க வேண்டாம். போய்விட்டு வந்தால் வேலைக்குப் போக என்ன செய்வீர்கள்? திரும்பி வந்த பிறகும் விற்கத் தோன்றினால் சொல்லுங்கள், அப்போது வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே பாலிக் கம்போங் என்றால் பெருநாளைக்குப் போவது, நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருவது. திரும்பி வராத பயணத்துக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. நான் திருத்தியிருக்கலாம். பிலோமினா அக்காவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. அவரும் திருத்தியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார். நான் ஹாஃபிஸைப் பார்த்து, "தெரிமா காசே" என்றேன். நன்றி. அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

புது பேட்டரி கொஞ்சம் ஓடட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடலோரத்தில் நிறுத்திவிட்டு செந்திலை அழைத்தேன்.

"என்ன சொன்னாரு?"

"ஊருக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தப்புறம் வித்தாப் போதும்னாருங்க."

"திரும்பி வந்தப்புறமா?" என்றார். "நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் பக்கம் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அப்பா இன்னைக்கு வலது கையால டம்ளரப் பிடிச்சாரு" என்றார். பிறகு, "நீ ஒண்ணும் அவசரப்படாத. தீபாவளிக்கு வா. உக்காந்து பேசுவோம். வண்டிய சும்மா போட்டு வைக்காத, அப்பப்ப ஓட்டு" என்றார்.

பேட்டரியைக் கழற்றியதில் காரின் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்து, பூஜ்ஜியங்களாக மின்னிக்கொண்டிருந்தது. பேச்சு முடியப்போகும் நேரத்தில், மணி என்ன என்று கேட்டேன். "அஞ்சு" என்றார். பொத்தானை அழுத்தி அழுத்தி ஐந்து என்று வைத்த பிறகுதான், அது அவருடைய ஊர் மணி என்று உறைத்தது. மாற்றலாம் என்று கையை நீட்டி, அப்படியே எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே இங்கே ஏழரை. கடல் கறுத்துக்கொண்டிருந்தது, அக்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. காருக்குள் இன்னும் வெயில் சாயாத ஐந்து மணி. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்த ஐந்து மணியோடு ஆயர் ஈத்தாமை நோக்கி ஓட்டினேன்.