அத்தான் போட்ட ஒயர்

என் அக்கா புருஷன் முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். வீட்டில் ஒரு பிளக் மாட்டத் தெரியாது. நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் பார்ப்பவள். "மச்சினி, ஏதோ ரிப்பேர் வேலை பண்றா" என்றுதான் என்னைத் தன் நண்பர்களிடம் சொல்வார்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார். கட்டில், அடுப்பு, குளிக்க ஒரு மறைப்பு என்று அதை வீடாக்கும் மும்முரம். பேட்டரி வண்டியின் பின்கோடியில். தண்ணீர்த் தொட்டியும் பம்பும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.

"அத்தான், பம்புக்கு நாலு ஸ்கொயர் எம்.எம். ஒயர் போடுங்க. போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். இருக்கறதே பன்னெண்டு வோல்ட். அதுல ரெண்டு வோல்ட் வழியிலேயே தொலைஞ்சா மோட்டார் எப்படி இழுக்கும்?" என்றேன்.

"வெறும் பன்னெண்டு வோல்ட்தானேம்மா. தொட்டாக்கூட ஷாக் அடிக்காது. இதுக்குப் போய் கட்டைவிரல் மொத்தத்துல ஒயரா?"

நாலு ஸ்கொயர் ஒயர் பென்சிலில் பாதிக் கனம்தான். அதைப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

ஹாலில் ஸ்பீக்கருக்கு இழுத்ததில் மிஞ்சிய ஒயரையே போட்டார். குழாயைத் திறந்தால் பம்பு முனகியது. தண்ணீர் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகியது. பம்பு மட்டம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, இன்னும் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினார். அது கூடுதலாகக் கரண்ட் இழுத்தது, ஃப்யூஸ் போனது. மண்டையில் ஏதாவது இருந்தால் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். அவரும் யோசித்தார். பத்து ஆம்பியர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு முப்பதைச் செருகினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நின்ற வேனிலேயே குளியல் ஒத்திகை. அக்காவின் தலை நிறைய ஷாம்பு நுரை. தண்ணீர் நின்றுவிட்டது. பக்கத்துப் பலகைக்குப் பின்னாலிருந்து புகை. எனக்கு அக்காவின் போன்.

"சீக்கிரம் வாடி! இந்த மனுஷன் என்னை உயிரோட கொளுத்தப் பார்க்கறார்!"

"முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டச் சொல்லிட்டு கீழே இறங்குக்கா" என்று போனிலேயே கத்திவிட்டு ஓடினேன்.

பலகையைக் கழற்றினால், ஒயரின் தோல் உருகி மரத்தோடு அப்பியிருந்தது. என் பையிலிருந்த நாலு ஸ்கொயர் ஒயரைத் தரையோடு இழுத்து, பம்பின் மேல் அச்சிட்டிருந்தபடி பதினைந்து ஆம்பியர் ஃப்யூஸ் மாட்டிக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சீறி வந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். "ம்... புது பம்ப் இப்பத்தான் செட் ஆகியிருக்கு."

தலையில் துண்டோடு நின்ற அக்கா கேட்டாள்: "ஏங்க, ஒயர் ஒல்லியா இருந்தா வோல்ட் குறையும்னுதானே இத்தனை வருஷம் பசங்களுக்குப் பாடம் எடுத்தீங்க?"

"அது தியரி."

அந்தத் தியரியில் எத்தனை பிள்ளைகளை ஃபெயிலாக்கினாரோ!

அந்த வாரமே ஒயரை ஒழுங்காக ஓட்டி முடித்தேன். பயணத்துக்கு நாள் குறித்தார்கள். அத்தானோ பம்பு கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். நான்கு பக்கம், நடுவில் ஒரு வரைபடம். அதை முடிக்காமல் கிளம்ப மாட்டாராம்.

"நீங்க எழுதுங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு அக்கா என்னைக் கூப்பிட்டாள். மூன்று நாள், நாங்கள் இருவர் மட்டும். அவள்தான் ஓட்டினாள். இத்தனை நிம்மதியாக அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மூன்றே வரி: என்ன ஒயர் போட்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அத்தான் சிவப்புப் பேனாவால் அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.