பாடு கெடவில்லை, தண்ணிதான் கெட்டது

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கள் ஊர் தோணிரேவில் முதல் ஃபைபர் படகை இறக்கினவனும் நான்தான். ஐஸ் வைக்க ஷெட் போட்டேன், கோயிலுக்கு மதில் எழுப்பினேன், மகளைக் கல்லூரிக்கு அனுப்பினேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவதுன்னு சீட்டுக் குலுக்கி எடுப்போம். அந்த இடத்துக்குப் பெயர் பாடு. இறால் அந்தந்த இடத்துச் சேற்றிலேயே பிறக்குதுன்னுதான் நான் நம்பியிருந்தேன். வலை காலியாக வர ஆரம்பித்ததும், பாடு கெட்டுப்போச்சு, எல்லையை மாத்தணும்னு கூட்டத்தில் பேசினேன். நான் பேசினால் ஊர் கேட்கும். மாத்தினார்கள். சீட்டில் தம்பி வீட்டுக்கு விழுந்திருந்த நல்ல இடம் அதில் போனது. அவன் என் வாசலை மிதிப்பதை விட்டான்.

மகள் ஏரியைத் தாளில் வரைந்து காட்டினாள். "இறால் குஞ்சு கடல்லேர்ந்து வருது நைனா. கடலும் ஏரியும் சேர்ற முகத்துவாரம் மண்ணு மூடிக்கிச்சு. வாசக்கதவு மூடிக் கெடக்குது, நீ உள்ள கட்டில மாத்தி மாத்திப் போடற."

"தாள்ல இன்னா தண்ணியா ஓடுது? போம்மா."

கோடு எனக்கு ஏறாது. கையிலோ நாக்கிலோ பட்டால்தான் புத்தியில் நிற்கும். தை மாசம் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முகத்துவாரத்து மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணியை அள்ளி வாயில் வைத்தேன், கரித்தது. இந்தப் பக்கம் ஒவ்வொரு பாடாக அள்ளிப் பார்த்தேன். எல்லை மாத்தினதில் எனக்கு வந்த இடம், தம்பியிடமிருந்து போன இடம், எல்லாம் ஒரே சப்பு. நல்ல பாடு, கெட்ட பாடுன்னு ஐம்பது வருஷம் மண்டையில் போட்டு வைத்திருந்த வேலியெல்லாம் அன்றைக்குச் சாய்ந்தது.

நேராகத் தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் படகை விற்று ஒரு மாசம் ஆகியிருந்தது.

"இத்தினி வருசம் அந்த நாக்கு பேசறதுக்கு மட்டும்தான் இருந்துச்சாண்ணே?" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

பிறகு கூட்டத்திலும் சொன்னேன். இப்போது முகத்துவாரத்தைத் தோண்டச் சொல்லி ஊர் மனு எழுதியிருக்கிறது. மகள் வரைந்த படத்தையும் சேர்த்திருக்கிறார்கள். தோண்டுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தோண்டினாலும் மண் மறுபடி மூடும். தம்பியின் படகும் திரும்பாது. ஆனால் மனுவில் 'ஊர் மக்கள் கண்டறிந்தது' என்று போட்டிருப்பது சரியில்லை. தண்ணியை வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னவன் நான். அதற்கு முன்னால் எல்லையை மாத்த வைத்தவனும் நான். இரண்டையும் என் பேர் போட்டு எழுதணும்.