பன்னிரண்டில் பேசிய சல்மா

கூனிமேட்டில் கம்ப்யூட்டரை முதலில் பார்த்த ஆள் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது. குடத்துக்கு ஓட்டை அடைப்பதும் பஞ்சர் போடுவதும் என் தொழில். என் பட்டறைக்கு ஒட்டினாற்போல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பஷீர் அஹமது பாய். எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில், ஷார்ஜாவிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்திருந்த சாமான்களைப் பூட்டி அந்தச் சனியனை எழுப்பியவர் அவர்தான்.

அது கணக்குப் போடுவதற்கு இல்லை, செத்துப்போன பெண்டாட்டியின் குரலுக்கு. அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் உம்மு சல்மா கடிதம் எழுதமாட்டார். டேப்ரெக்கார்டரில் பேசி, விமானம் ஏறுகிற யார் கையிலாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவார். அப்போது பல வீடுகளில் அதுதான் வழக்கம். மஞ்சள் காமாலையில் அவர் மௌத்தாகிப்போன சேதி ஷார்ஜாவுக்குப் போய்ச் சேருவதற்குள் இங்கே அடக்கம் முடிந்துவிட்டது. மய்யத்தாகக் கிடந்த பெண்டாட்டியின் முகத்தை பாய் பார்க்கவில்லை. கடைசி கேசட் ஒன்றுதான் மிச்சம்.

கேட்டுக் கேட்டு நாடா தேய்ந்துவிட்டது. அது போவதற்குள் குரலை மெஷினுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று அதற்கென ஒரு கார்டு வாங்கி வந்திருந்தார். ஏற்றியும் விட்டார். நல்லவேளை ஏற்றினார், மறுநாளே நாடா சிக்கி அறுந்தது. அதன்பிறகு சல்மாவின் குரல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டில் பஸ் என்று ஒரு தடம் உண்டாம். சொருகிய கார்டுக்கெல்லாம் அதில்தான் தகவல் ஓடும். அதன் வேகத்தை எட்டிலும் வைக்கலாம், பன்னிரண்டிலும் வைக்கலாம். ஜம்பர் என்கிற கடுகளவு சொருகியை இடம் மாற்றினால் போதும். குரலை ஏற்றும்போது எட்டில் இருந்தது.

"ரொம்ப மந்தமா இருக்குதுப்பா தனக்கோடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பாய் அதைப் பன்னிரண்டுக்கு மாற்றினார்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஸ்க்ரூடிரைவர் கேட்க அவர் கடைக்குப் போனேன். உச்சி வெயில். எதிரே உப்பளம் கண்ணைக் கூசவைத்தது, பாத்தியில் ஆள் அரவமே இல்லை. வாசலில் கால் வைத்தேன்.

"யாரு அங்க? உள்ள வாங்க" என்றது சல்மாவின் குரல்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே பாய் ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டியா சல்மா?" என்று கேட்டார்.

கொஞ்சம் கரகரத்துவிட்டு, "மீன் கொழம்பு வெச்சேங்க" என்றது பெட்டி. பிறகு ஒரு சிரிப்பு. அதே சிரிப்பு மறுபடியும். "ஆஸிஃபா தூங்கிட்டா" என்றது. மறுபடி "யாரு அங்க?"

கேசட்டில் இருந்த வார்த்தைகள்தான், வரிசைதான் வேறு. ஒவ்வொரு முறை போடும்போதும் வேறு வேறு வரிசையில் வந்தது. நடுவில் கூப்பிட்டது, நின்றது, மூச்சு விட்டது. ஆள் உள்ளே இருந்து யோசித்துப் பதில் சொல்வதுபோலவே இருந்தது.

"மெஷின்ல கோளாறு பாய். சரி பண்ணுங்க. எனக்குப் பிடிக்கல" என்றேன்.

"உப்புக் காத்துப்பா. கார்டுல பூத்துடுது" என்றார்.

அன்றிலிருந்து கார்டைக் கழற்றுவார், ரப்பரால் தேய்ப்பார், ஸ்பிரிட்டால் துடைப்பார், மாட்டுவார். எங்கள் ஊரில் சைக்கிள் ரிம்மே உதிர்கிறது, நானும் நம்பிவிட்டேன். ஆனால் அவர் துடைத்த பஞ்சு எப்போதும் வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, முடிவதற்குள் சுவிட்சை அணைத்துவிடுவார்.

மகள் ஆஸிஃபாவுக்கு நிக்காஹ் முடிந்து துபாய்க்குப் புறப்படும் நாள் நெருங்கியது. அம்மா மௌத்தானபோது அவள் சின்னப் பெண். போகுமுன் ஒரு தடவை குரலைக் கேட்கவேண்டும் என்று கடைக்கு வந்தாள். பாய் போட்டார். "ஆஸிஃபா... யாரு அங்க... ஆஸிஃபா தூங்கிட்டா... தூங்கிட்டா" என்று வந்ததும் அந்தப் பெண் வெளிறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அம்மா இல்ல அத்தா. மொதல்ல ஒழுங்காத்தான பேசுச்சுன்னீங்க? அப்பறம் எதை மாத்துனீங்க?"

பாய் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த கார்டு எட்டுக்கு மேல் ஓடாது என்பது ரிப்பேர்காரரான அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பன்னிரண்டில் தகவல் துண்டு தவறி, பழைய துண்டு புகுந்து வருகிறது. தெரிந்துதான் ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

மெஷினை அணைத்து, மூடியைத் திறந்து, இடுக்கியால் ஜம்பரைப் பிடுங்கி எட்டில் வைத்தார். மறுபடி போட்டார்.

சல்மா முதலிலிருந்து, வரிசையாக, சாவகாசமாகப் பேசினார். மீன் குழம்பு, சிரிப்பு, தூங்கிவிட்ட ஆஸிஃபா. பிறகு, "யாரு அங்க? உள்ள வாங்க."

"நாந்தாங்க, தனக்கோடி. கொடத்துக்கு ஓட்டை அடைச்சுட்டேன்" என்றது ஒரு ஆண் குரல்.

அது என் குரல். சல்மா கேசட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக்குப் போன நினைவே எனக்கில்லை. ஆஸிஃபா கண்ணைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாயின் கை வழக்கம்போல சுவிட்சுக்குப் போனது. மகளைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். இதுவரை கேட்கவிடாத அந்த முடிவு வந்தது.

"கேசட்டு முடியப்போகுதுங்க. வெச்சிடறேன். அஸ்ஸலாமு அலைக்கும்."

டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாய் மெல்ல, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா சல்மா?" என்று கேட்டார். பெட்டி பேசாமல் இருந்தது.

"ஏம்பா தனக்கோடி, இன்னைக்குத்தான் அவ மௌத்தாயிருக்கா" என்றார்.