வண்டி எடுத்தேன்: தஞ்சாவூர் கோர்ட்டுக்கு ஒரு பயணம்

போன புரட்டாசியில், சம்பா நடவு முடியும் சமயம், பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போனேன். பெரிய கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. நான் போனது கோர்ட்டுக்கு. (குற்றவாளியாக அல்ல. என் வீட்டம்மாவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம்.)

கூப்பிட்டவர் செல்வராசு. வங்காளத்திலிருந்து நடவுக்கு ஆள் கூட்டி வரும் ஏஜென்ட். அவர் ஆட்களில் பப்லு என்பவன் மொபெட் திருடியதாக ஒரு வாரமாக உள்ளே இருந்தான். மற்ற எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை ஊருக்கு ரயில். அவன் இங்கே வந்த பிறகு பிறந்த பெண் குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"பாய், கோர்ட்டுல இந்தி பேச ஆள் வேணுமாம். வக்கீலம்மா கேட்டிருக்காங்க. உங்க துபாய் இந்தி இருக்கா, தீர்ந்துபோச்சா?"

"இருக்குய்யா. மூட்டைய இறக்கு, சம்பளம் எப்போ, அதத் தாண்டி வராது."

காலை ஏழே காலுக்கு பஸ். ஒரத்தநாடு வழி, ஒன்றரை மணி நேரம். இடது ஜன்னலில் உட்காருங்கள், காலை வெயில் அடிக்காது. இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"கோர்ட்டா? என்ன கேசு பாய்?"

"ரெண்டாங் கல்யாணம்."

"யாரு புகார் குடுத்தா?"

"ரெண்டாவது பொண்டாட்டிதான்."

சிரித்ததில் பத்து ரூபாய் குறைத்து எழுபதுக்கு வந்தார்.

கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் பப்லு "பாய்!" என்று கத்தினான். இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீலம்மா திரும்பினார்.

"ஏற்கெனவே தெரியுமா?"

"இல்லம்மா. அவங்க ஊர்ல எல்லாரும் பாய். எங்க ஊர்ல நாங்க மட்டும்."

நீதிபதியம்மா என்னிடம், "என்ன குற்றச்சாட்டுன்னு அவருக்குப் புரிஞ்சுதான்னு கேளுங்க" என்றார். 'அவருக்கு'! அதுவரை எங்கள் எல்லோருக்கும் அவன் 'அவன்'தான்.

கேட்டேன். "ஒண்ணும் புரியலைன்னு சொல்றாரும்மா. எதுக்கு உள்ள வெச்சிருக்காங்கன்னு என்னையக் கேக்குறாரு."

அரசு வக்கீல் எழுந்தார். "எடுத்தேன்னு ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டாரே."

"ஸ்டேஷன்ல சொன்னத விடுங்க. இங்க என்ன சொல்றார்?" என்றார் நீதிபதியம்மா.

"காடி லியா?" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டாயா என்று அர்த்தம். பதறிப்போய்த் தலையை ஆட்டினார் பப்லு. "நஹி பாய்! சலாயா." இல்லை, ஓட்டினேன்.

எனக்குப் பளிச்சென்றது. நாலு மாதமாக வயலில் "வண்டிய எடு, வண்டிய எடு" என்று விரட்டியதில், எடு என்றால் ஓட்டு என்று படித்திருக்கிறார். மீதியையும் கேட்டு வாங்கினேன். அன்றைக்குச் செல்வராசு தன் மொபெட் சாவியைக் கொடுத்து டீ வாங்கிவர அனுப்பினார். வாசலில் நின்றது மூன்று பழைய மொபெட். எந்தச் சாவியும் எதற்கும் சேரும்; இவர் ஓட்டிப் போனது வேறொருவருடையதை. ஸ்டேஷனில் "வண்டி எடுத்தியா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் தமிழ் பேசும் பெருமையில் "எடுத்தேன்!"

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு வீட்லேருந்து காரு எடுத்துட்டா வந்தீங்க?"

"ஆமா."

"இவரும் அப்படி எடுத்தவருதாங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியம்மா அவசரமாகத் தண்ணீர் குடித்தார். சாவி மாறிய கதையையும் சொன்னேன். மொபெட்டுக்காரர், தேங்காய் வியாபாரி, எழுந்து நின்றார். "எனக்குப் புகாரே வேணாங்க. அவரு சாவி போட்டதுக்கப்புறம்தான் அது ஒரே உதையில ஸ்டார்ட் ஆவுது." சமரசம் என்று எழுதி வழக்கை முடித்தார்கள். வியாழக்கிழமை பப்லு வெளியே.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன்னால் போங்கள், செல்போனை அணைத்துவிடுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மொழி தெரியாத யாராவது மாட்டிக்கொண்டால் இலவச வக்கீலையும் மொழி தெரிந்த ஆளையும் கேட்டு வாங்குங்கள். யாருடைய தயவும் இல்லை, உரிமை. புரியாத தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். மொபெட்டுக்குத் தனிப் பூட்டு போடுங்கள்.

வெள்ளிக்கிழமை வழியனுப்பப் போனேன். ரயிலடிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதி, "வண்டி எடுத்தாச்சு, ஏறுங்க!" என்றார்.

படியில் ஒரு கால் வைத்திருந்த பப்லு இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"நான் எடுக்கல சார்!"