தேக்காவில் கூப்பிட்ட மீன்

ஜூரோங்கில் உள்ள மீன் கம்பெனியில் என்னை நேர்காணல் செய்த முதலாளியம்மா, சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, மீன் சாப்பிடுவீங்களா?"

"இல்ல மேடம். சைவம்."

"நல்லது. ஸ்டாக் குறையாது."

அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் போன பிறகு கம்பெனியைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து வந்தவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எத்தனை டிகிரியில் இருக்கவேண்டும் என்பதுதான். பதவியின் பெயர் 'வேல்யூ செயின் எக்ஸிகியூட்டிவ்'. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "செயின் எல்லாம் நம்ம ஊர் டிசைன்தானா, வேற மாதிரியா?" என்று விசாரித்தார். நகைக்கடை என்று நினைத்துவிட்டார் போலும். மீன் என்று சொல்லி அவர் மனதைக் கலக்குவதைவிட இது பரவாயில்லை என்று பேச்சை மாற்றினேன்.

எங்கள் கம்பெனியில் நன்றாக ஓடிய சரக்கு மீன் தலைதான். மற்ற இடங்களில் தலையை அப்படியே அனுப்புவார்கள். உணவகத்துக்காரர்கள் உட்கார்ந்து சுத்தம் செய்யவேண்டும். நாங்கள் செவுளை எடுத்து, செதிலைச் சுரண்டி, அலசி, ஐஸில் அடுக்கி அனுப்பினோம். பெட்டியைத் திறந்தால் நேராகச் சட்டிதான். முதலாளியம்மா எல்லாச் சமையல்காரர்களிடமும் அதையே சொல்லித்தான் விற்றார். "நீங்க பார்க்கவே வேணாம் லா, அப்படியே போடுங்க."

இந்த நிலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் உள்ள ஒரு பெரிய உணவகத்திலிருந்து புகார் வந்தது. தலைகள் கொழகொழவென்று வருகின்றனவாம். நான் விசாரித்தேன். பேக்கிங் பகுதி அக்கா, ஐஸ் நிறையப் போட்டுத்தான் அனுப்புவதாகச் சொன்னார். லாரி ஓட்டும் அண்ணன், தினமும் சரியான நேரத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். உணவகத்தின் சூப்பர்வைசர், கடையைத் திறந்த கையோடு பெட்டிகளைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவதாகச் சொன்னார். மூவர் முகத்திலும் பொய் தெரியவில்லை. மீன் மட்டும் கொழகொழவென்று இருந்தது.

தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கினேன். பெட்டிக்குள் போட்டுவிட்டால், அது எங்கே இருக்கிறது, எத்தனை டிகிரி என்று என் கைப்பேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தண்ணீர் புகாது, கடலில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று விற்றவர் பெருமையடித்துக்கொண்டார். முதல் கருவி ஐஸ் தண்ணீரோடு சாக்கடைக்குப் போனது. இரண்டாவதும் அதே வழியில் போனது. மூன்றாவதை அக்காவிடம் கொடுக்கும்போது அழுத்திச் சொன்னேன்.

"அக்கா, இது பெட்டியில கெடந்தா பத்தாது. மீனோட ஒட்டியே இருக்கணும். எந்தக் காரணத்துக்கும் வெளிய வரக்கூடாது."

"கவலைப்படாதீங்க லா. நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பியது. இரண்டு டிகிரி. நெடுஞ்சாலையில் இரண்டு டிகிரி. தேக்கா போய்ச் சேர்ந்ததும் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது. எண் ஏற ஆரம்பித்தது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. வரைபடத்தைப் பெரிதாக்கினேன். உணவகத்தின் பின்சந்து. கடை இன்னும் திறக்கவில்லை. ஓட்டுநர் அண்ணன் சொன்னபடி சரியான நேரத்துக்கு இறக்கியிருக்கிறார், ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால். சூப்பர்வைசரும் சொன்னபடி திறந்த கையோடுதான் எடுத்து வைக்கிறார். நடுவில் இருந்த நேரம் மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அதற்குள் கடை திறந்து எண் இறங்கிவிட்டிருந்தது. அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். மதிய உணவு நேரம் நெருங்கும்போது மறுபடி என் பின்னால் வந்து நின்ற முதலாளியம்மா, மேசைமேல் கிடந்த கைப்பேசியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இப்ப நாப்பத்தஞ்சு காட்டுது."

"கரண்ட் போயிருக்கும் மேடம்."

"அறுபது."

நான் எழுந்துவிட்டேன். எண் எழுபதைத் தொட்டது. முதலாளியம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நம்ம மீன் வெந்துகிட்டு இருக்கு."

பேக்கிங் பகுதிக்கு ஓடினேன். அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் பதில் சொன்னார். "நீங்கதானே வெளிய வரக்கூடாதுன்னு சொன்னீங்க. வாயத் திறந்து, தொண்டை வரைக்கும் நல்லாத் தள்ளி விட்டேன். இனிமே தொலையாது."

உணவகத்துக்குப் போன் செய்தால் மதிய நெரிசலில் யாரும் எடுக்கவில்லை. டாக்சியும் கிடைக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில் ஏறினேன். மறுபடி மறுபடி போன் செய்துகொண்டே எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றாறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்தாரோ என்னவோ, பரிதாபமாகப் பார்த்தார். டோபி காட் நிலையம் வந்தபோது எண் தொண்ணூறுக்கு இறங்கியது. அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது புரிந்தது. அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. படிகளில் ஓடினேன்.

கழுத்தில் கம்பெனி அட்டை ஆட, வேர்த்து விறுவிறுத்து உணவகத்துக்குள் நுழைந்து, வாழ்க்கையில் ஒருவன் நிரம்பிய உணவகத்தில் சொல்லவே கூடாத வாக்கியத்தைச் சொன்னேன்.

"யாரும் மீன் தலைய சாப்பிடாதீங்க, ப்ளீஸ்."

கடை அப்படியே அடங்கிப்போயிற்று. என்னைச் சுகாதார அதிகாரி என்று நினைத்த சூப்பர்வைசர் வேகமாக வந்து தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தேன். ஏழெட்டு மேசைகளில் சட்டிகள். எல்லாவற்றிலும் சிவந்த குழம்புக்கு மேல் ஒரு மீன் கண். எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போதுதான் கைப்பேசியில் 'கருவியைத் தேடு' என்றொரு பொத்தான் இருந்தது நினைவுக்கு வந்தது. அழுத்தினேன்.

மூலை மேசையிலிருந்து, குழம்புக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, கம்மிய குரலில் ஒரு 'கீ கீ' கேட்டது.

அங்கே ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் கையில் கரண்டி. இன்னும் சட்டியைத் தொடவில்லை. அந்த அம்மா தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"போன் அடிக்குது பாருங்க. எடுங்க."

பெரியவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து சட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"என் போன் இல்ல. மீன்தான் கூப்பிடுது."

சூப்பர்வைசர் இடுக்கியோடு வந்து மீனின் வாயைத் திறந்தார். மசாலா பூசிக்கொண்டு கருவி வெளியே வந்தது. இன்னும் 'கீ கீ' என்றபடியே. நான் மன்னிப்புக் கேட்டேன். சமையல்காரர் வெளியே வந்து, வெண்டைக்காயோடு சேர்த்துக் கிளறும்போதே ஏதோ இடித்ததாகவும், எலும்பு என்று நினைத்ததாகவும் சொன்னார். அந்தச் சட்டி குப்பைக்குப் போனது. பெரியவருக்கு வேறு தலை வைத்தார்கள். அவர் சாப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, இதுக்கும் ஒருவாட்டி அந்த பட்டன அழுத்துங்க."

அழுத்தினேன். சூப்பர்வைசர் கையிலிருந்த கருவிதான் கத்தியது. அதன்பிறகே பெரியவர் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு ஒரு தயிர்சாதம் வரவழைத்துக் கொடுத்து, எதிரில் மீன் கண்ணை ரசித்துச் சாப்பிட்டபடி, கடலிலிருந்து சட்டி வரை மீன் எப்படிப் போகிறது என்பதை என் வாயாலேயே முழுதும் கேட்டுத் தெரிந்துகொண்டார். என் வேலையைப் பற்றி அவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் சூப்பர்வைசர் என்னைப் பின்சந்துக்கு அழைத்துப் போனார். பெட்டிகளை இறக்கும் இடத்துக்கு நேரெதிரே பக்கத்துக் கடை ஏர்கானின் வெளிப்பெட்டி அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதன் முன்னால் சிறிது நேரம் நின்று வேர்த்தோம். கோபமாக இருந்தவர் அங்கேதான் சிரித்தார்.

"தினமும் மீன் இங்கதான் குளிர் காய்ஞ்சிருக்கு சார்."

தீர்வு எளிது: கடை திறந்த பிறகு லாரி வரவேண்டும். ஆனால் ஓட்டுநர் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. சீக்கிரம் இறக்கிவிட்டுப் போனால்தான் அவருக்குப் பசியாற நேரம் கிடைக்கும். முதலாளியம்மா பேசினார், நான் படம் போட்டு விளக்கினேன், அவர் அசையவில்லை. கடைசியில் சூப்பர்வைசர்தான் வழி கண்டார். கடை திறக்கும் நேரத்துக்கு வந்தால் சூடாக ரொட்டி பராட்டாவும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும் தருவதாகச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து லாரி கதவு திறக்கும்போது வந்து நின்றது. தலைகள் விறைப்பாகப் போய்ச் சேர்ந்தன. புகாரும் நின்றது.

அறிக்கையை முடித்து முதலாளியம்மாவிடம் கொண்டுபோனேன். குளிர்ச்சங்கிலி, நேர ஒழுங்கு, பொறுப்புப் பகிர்வு என்று தலைப்புகள் போட்டிருந்தேன். பராட்டாவை எதன் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை என்றேன்.

"பேக்கேஜிங்னு போடுங்க லா. மீனக் கெடாம காப்பாத்துறது இப்ப அதுதானே," என்றார் அவர், அடுத்த கோப்பை எடுத்தபடி.