இரண்டு நாய்களும் ஒரு வீட்டு வானும்: ரோபியர் மீலெ மணலுக்கு ஐந்து நாள்

அமெரிக்கப் பாலைவனத்தில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வீட்டு வான் வண்டியை ஓட்டிக்கொண்டு, பக்கத்து ஆசனத்தில் நாயை இருத்திக்கொண்டு போகிறவர்களின் காணொளிகளை நாலு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவந்த மண், ஆளில்லாத தெரு, நாய்க்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் கணவருக்குக் காது புளித்துவிட்டது. எனக்கு ஹேர்னிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை, அவருக்கு இக்காஸ்ட்டில் தொழிற்சாலை வேலை. இரண்டு பேருடைய லீவும் ஒன்றாக விழுவதே அபூர்வம், இதில் நாய்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா எங்கே போவது? அப்போதுதான் வேலையிடத்தில் ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள்: "பாலைவனம்தானே, ஸ்கேயன் முனைக்குப் போகிற வழியில் ஒன்று இருக்கிறதே."

இருபத்தாறு வருசம் இந்த டேனிஷ்காரர் நாட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனதை நினைக்க எனக்கே என்மேல் கோபம் வந்தது. ரோபியர் மீலெ என்பது நாங்கள் இருக்கிற யூட்லாந்துக் குடாநாட்டின் வட முனையில் இருக்கிற நகரும் மணல்மேடு. கிட்டத்தட்ட ஒரு சதுரக் கிலோமீற்றர், நாற்பது மீற்றர் உயரம். காற்று தள்ளத் தள்ள வருசத்துக்குப் பதினைந்து மீற்றருக்கு மேல் கிழக்குப் பக்கமாக நடந்து போகிறது. எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணித்தியாலம். உடனே ஜூன் இரண்டாம் கிழமையில் புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள் லீவு போட்டேன். இவரையும் போட வைத்தேன்.

இனி நாய்களைப் பற்றி. லட்டு எங்களுடையவள். ஆறு கிலோ, எட்டு வயது, தன்னை நாயென்று ஒருநாளும் நினைத்ததில்லை. விகோ எங்களுடையவன் அல்ல. இரண்டு வீடு தள்ளியிருந்த கீர்ஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் நாய். ப்ரோஹோல்மர் சாதி, மூன்று வயது, ஐம்பத்தெட்டுக் கிலோ. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கீர்ஸ்டன் நகர நடுவில் ஒரு மாடி வீட்டுக்கு மாற இருந்தார். அங்கே நாய் வைத்திருக்க அனுமதி இல்லை. ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட ஒரு பண்ணைக் குடும்பம் விகோவை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டால் கீர்ஸ்டன் அவனை எப்படிப் போய்ப் பார்ப்பார்? எனக்கு மனம் கேட்கவில்லை. நாங்கள் எடுக்கிறோம் என்று வாய் விட்டுவிட்டேன்.

வாய் விட்டது நான், பயந்து செத்தது இவர். இவருடைய நிறை அறுபத்தொரு கிலோ. ஆறு வயதில் ஒழுங்கையில் திரிந்த தெருநாயொன்று கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவர். லட்டுவை மடியில் வைக்கவே ஒரு வருசம் எடுத்தது. விகோ வீட்டுக்குள் வந்தால் காலிரண்டையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பயணத்துக்கு விகோவும் வருவான். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குக் கீர்ஸ்டன் எங்கள் வீட்டுக்கு வருவார். இவர் ஓம் என்றால் விகோ எங்களோடு, இல்லையென்றால் திங்கட்கிழமை தெற்கே போய்விடுவான். அதுவரை நான் அவரை நெருக்கக்கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று.

வானை இக்காஸ்ட்டில் ஒரு குடும்பத்திடம் நாளுக்கு 1,100 குரோனருக்கு எடுத்தோம். நாய்களுக்காகத் துப்புரவுக் காசு 600 தனி. இரண்டு படுக்கை, எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, கக்கூசு எல்லாம் உண்டு. சாதாரண கார் லைசென்ஸ் போதும், மொத்த நிறை 3,500 கிலோவைத் தாண்டாத வரைக்கும். இவர் பெரிய வாகனம் தொடமாட்டார் என்பதால் ஓட்டம் முழுக்க என்னுடையது.

புதன் காலை பத்தேகாலுக்கு வெளிக்கிட்டோம். புது வாகனம் தெருவில் இறங்கினால் நாங்கள் செய்வதைத்தானே செய்வோம்? நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய், முன்னால் தேங்காய். ஆனால் இவர் மூன்று தேங்காயோடு வந்து நின்றார்.

"ஏன் மூண்டு?"

"ஒண்டு வானுக்கு. ஒண்டு உம்மட ஓட்டத்துக்கு. மற்றது, உந்த நாய் என்னைக் கடிக்காமல் இருக்க."

விகோவைக் கொண்டுவந்து விட்ட கீர்ஸ்டன் ஊன்றுகோலோடு நின்று, இது என்ன, காப்புறுதியா என்று டேனிஷில் கேட்டார். கூடுதல் காப்புறுதி என்று இவர் பதில் சொன்னார். தெருவே பார்க்க மூன்றும் உடைந்தன. நான் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு வானை வெளியே எடுத்தேன், இவர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார், கீர்ஸ்டன் கைதட்டினார். எல்லாம் முடிந்து கூட்டி அள்ளப் போனால் சிரட்டை மட்டும்தான் கிடந்தது. மூன்று தேங்காயின் வெள்ளைச் சொட்டும் விகோவின் வயிற்றுக்குள்.

விளைவு ஹொல்ஸ்டெப்றோ தாண்டியதும் தெரிந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு நான் இங்கே எழுத விரும்பாத ஒரு மணம். தியுபொரன் துறைமுகம் வரைக்குமான தொண்ணூறு கிலோமீற்றரில் மூன்று தரம் நிறுத்தினேன். ஆகக் கஷ்டம் வாகனங்களை அக்கரைக்கு ஏற்றும் படகு வரிசையில்தான். முன்னும் பின்னும் வாகனங்கள், படகு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, நான் ஸ்டியரிங்கை விட்டு எழும்ப முடியாது.

"இஞ்சேருங்கோ, கெதியாக் கூட்டிக்கொண்டு இறங்குங்கோ!"

"நானோ?"

"இல்லை, லட்டுவோ?"

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும், "நான்தானே உடைச்சனான்" என்று முணுமுணுத்தபடி கயிற்றின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இறங்கினார். விகோ இவரைப் புல்லுக்கு இழுத்துக்கொண்டு போனான். வேலை முடிந்ததும் வெட்கப்பட்டவன் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். இவர் பையைக் கையில் மாட்டிக் குனிந்து அள்ளினார். முப்பது வருசக் கலியாண வாழ்க்கையில் நான் பார்ப்பேன் என்று நினைத்திராத காட்சி.

அக்கரையில் ஆகரிலிருந்து கிளிட்மொலர் வரை கடலோரமாக ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மேட்டு நிலம், குட்டைப் புல், இடையிடையே கடல் எட்டிப் பார்க்கும். ரசிக்கிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு முகாம் இடத்தில் வானை நிறுத்தி, மின்சாரக் கம்பியைச் செருகிவிட்டு மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண் வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். இரத்தம் போனாலோ ஆள் சோர்ந்து விழுந்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். இல்லையென்றால் நிறையத் தண்ணீர், கொழுப்பு ஒன்றும் வேண்டாம், நன்றாகக் குழைய அவித்த வெறும் சோறு கொஞ்சம் கொஞ்சமாக.

சோறு! எங்களிடமா கேட்கிறாய் தாயே! ஐந்து நாளுக்கு நாங்கள் கொண்டுபோனது பத்துக் கிலோ அரிசி.

இவர் என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. தானே கழுவி, தானே குழைய வைத்து, விசிறி ஆற்றினார். முதல் தரம் நீள அகப்பையில் எடுத்துக் கையை எட்டுமட்டும் நீட்டி ஊட்டினார். அடுத்த தரம் அகப்பையின் நடுப்பகுதியைப் பிடித்தார். வியாழன் மத்தியானம் பார்க்கிறேன், சம்மணம் கட்டி நிலத்தில் இருந்து கையால் ஊட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வாய் நமநமத்தது. ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டு, லட்டுவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன். கிளிட்மொலரில் அலைச்சறுக்குகிறவர்களைப் பார்ப்பதற்கே ஒரு நாள் காணாது, சும்மா சொல்லவில்லை.

திட்டப்படி வியாழன் அடுத்த கடற்கரை ஊரான லோக்கன் போயிருக்க வேண்டும், விகோவுக்காகக் கிளிட்மொலரிலேயே தங்கினோம். வெள்ளி காலை ஏழு மணிக்கு முகாமின் மறுபக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

"இஞ்சேரும்! கட்டியாப் போயிருக்கு! நல்ல கட்டியா!"

பல் விளக்கிக்கொண்டு நின்ற டேனிஷ்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மொழி விளங்கியிருக்காது, சந்தோசம் விளங்கியிருக்கும். ஹோர்சன்ஸில் இருக்கிற மகளுக்கும் போன் எடுத்து அதே செய்தியைச் சொன்னார். அவள் வழக்கம்போல டேனிஷில், அப்பா நான் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்றாள்.

வெள்ளி லோக்கன் வரை 95 கிலோமீற்றர். அங்கே கடற்கரை மணலில் காரை ஓட்டலாம், நாங்கள் கனத்த வானோடு அந்த விளையாட்டுக்குப் போகவில்லை. சனி காலை இன்னும் 70 கிலோமீற்றர் ஓடி, ஒன்பது நாற்பதுக்கு ரோபியர் மீலெயின் வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினோம்.

முதலில் ஒன்றுமில்லை. பைன் மரம், ஒரு ஒற்றையடிப் பாதை. பத்து நிமிசம் ஏறினால் திடீரென்று மரம் முடிந்து மணல் தொடங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல்! வீடில்லை, கம்பியில்லை. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் ஒரு கடல், மறுபக்கம் இன்னொரு கடல். காணொளியில் நாலு வருசம் பார்த்தது என் காலுக்குக் கீழே கிடந்தது. ஐம்பத்து மூன்று வயதில் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். ஓடின வேகத்தில் லட்டு கழுத்துப்பட்டியைக் கழற்றிக்கொண்டு ஒரு முயலுக்குப் பின்னால் பறந்துவிட்டாள். "விகோவைப் பிடியுங்கோ!" என்று கயிற்றை இவர் கையில் திணித்துவிட்டு நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

அவளைப் பிடிக்க இருபத்தைந்து நிமிசம் போயிற்று. அதற்குள் காற்று எழும்பி மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கத் தொடங்கியது. திரும்பி வந்தால் இவரைக் காணவில்லை, நாயையும் காணவில்லை. எங்கள் காலடிகள்கூட அழிந்துவிட்டன. விகோ இழுத்து விழுத்திவிட்டானோ, இவர் பயத்தில் கயிற்றை விட்டுவிட்டாரோ? விட்டிருந்தால் கதை முடிந்தது. நாயும் போய், இவருடைய மனமும் போய்விடும். கூப்பிட்டேன், காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒரு பள்ளத்துக்குள் கண்டேன். விகோ காற்றுக்குக் குறுக்கே சுவர் மாதிரிப் படுத்திருந்தான். அவனுடைய முதுகில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டு இவர் மறைவில் இருந்தார். கயிறு மணிக்கட்டில் இரண்டு சுற்று. கண்ணாடி முழுக்க மணல். கதைத்துக்கொண்டிருந்தார்.

"...ஆறு வயசு. ஆசுப்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் நடந்து போய் ஊசி. நான் அழுதால் மற்றப் பிள்ளையள் சிரிப்பினம் எண்டு அழேல்லை. உனக்கு விளங்குதோ?"

முப்பது வருசமாக எனக்கு அந்த ஊசிக் கதை தெரியும். அழாமல் இருந்த கதை தெரியாது. அங்கேயே நின்றேன். இவர் என்னைக் கண்டதும் சுதாரித்துக்கொண்டார்.

"என்ன பார்க்கிறீர்? இவன் குறுக்கை பேசாமல் கேக்கிறான். நீர் எப்ப அப்பிடிக் கேட்டனீர்?"

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஆனால் வாய் கேட்கவில்லை, ஒப்பந்தத்தை அங்கேதான் உடைத்தேன். "அப்ப நாளைக்கு கீர்ஸ்டனுக்கு என்ன சொல்லுறது?" என்றேன். "நாளைக்கு வரட்டும்" என்று எழும்பி மணலைத் தட்டினார். அவ்வளவுதான். ஸ்கேயனில் இரண்டு கடல் முட்டிக்கொள்ளும் முனையில் நின்றபோதும், ஞாயிறு 230 கிலோமீற்றர் நெடுஞ்சாலையில் திரும்பியபோதும் அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடற்கரைகளில் நாய் கயிற்றில்தான் இருக்கவேண்டும், ரோபியர் மீலெயில் வருசம் முழுக்கவும். கழுத்துப்பட்டியை நம்பாமல் நெஞ்சுப்பட்டி போடுங்கள், கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், பெரிய நாய் இழுத்தால் கை கழன்றுவிடும். மணல்மேட்டில் நிழலோ குழாயோ இல்லை, ஆளுக்கும் நாய்க்கும் தண்ணீர் கொண்டுபோங்கள். எங்களுக்கு முகாம் கட்டணம் மின்சாரத்தோடு இரவுக்கு 310, நாய்க்கு இருபது. மொத்தம் 562 கிலோமீற்றர் ஓடினோம். தேங்காய் உடைப்பதானால் நாயை வானுக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டு உடையுங்கள்.

ஞாயிறு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். இவர் சாமான் இறக்கினார். விகோவின் போர்வையையும் கோப்பையையும் கழுவிக் கதவடியில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அவனை அனுப்பத்தான் போகிறார். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆறு மணிக்குக் கீர்ஸ்டன் வந்தார். விகோ பாய்ந்து போய் அவருடைய வயிற்றில் தலையை முட்டினான். இவருடைய முகம் விழுந்ததை நான் கண்டேன். கீர்ஸ்டன் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று தெற்கேயுள்ள பண்ணையின் விலாசம். மற்றது நாயின் உரிமையாளரை மாற்றும் படிவம். இவர் பண்ணையின் விலாசத்தை எடுத்து, நாலாக மடித்து, கீர்ஸ்டனிடமே திருப்பிக் கொடுத்தார். டேனிஷில் முக்கியமான பேச்சை எப்போதும் எனக்கு விடுகிறவர், அன்று தானே மெதுவாகச் சொன்னார்:

"போர்வை காய்ந்தபிறகு விரிக்கலாம். நீங்கள் ஒவ்வொரு புதனும் சாப்பாட்டுக்கு வாருங்கள். அவன் உங்களைத் தேடுவான்."

கீர்ஸ்டன் ஊன்றுகோலைக் கீழே விட்டுவிட்டு இவரைக் கட்டிப்பிடித்து அழுதார். இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவருடைய தோளைத் தட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில், தகப்பனின் பெயரோடு சேர்த்துத் தன் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினார். கட்டம் போதாமல் கோட்டுக்கு வெளியிலும் போயிற்று.

"என்ர பேரையும் போடுங்கோவன்" என்றேன்.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடமில்லை" என்றார்.