பதினோரு கிராம் ஈரம்

போர்ட் பிளேரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒச்சம்மா ஆயாவாகச் சேர்ந்து, 2023 ஆகஸ்டோடு பத்தொன்பது வருஷம் ஏழு மாதம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறியவள். புருஷனுக்குச் சாத்தம் மர ஆலையில் வேலை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், எண்ணில் மட்டும் பிசகமாட்டாள். வார்டின் ஒவ்வொரு இடுப்புத்துணியையும் காய்ந்தபின் எடைபோட்டு, அந்த எண்ணை ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்துவைத்திருந்தாள். ஈரத்துணியின் எடையில் அதைக் கழித்தால், குழந்தை எவ்வளவு மூத்திரம் போனது என்று தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் ஒன்பது, புதன்கிழமை. மூன்றாம் தொட்டிலில் ஷோபனாவின் மகள்; வயது நான்கு நாள், எடை 2 கிலோ 760 கிராம். வேறொரு தீவிலுள்ள ஹட் பேயில் பிறந்து ஹெலிகாப்டரில் வந்தது. பிறந்ததும் மூச்சுவிடத் தாமதமானதில் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. டாக்டர் கார்த்திகா குழந்தையின் வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, மருந்துநீரை உள்ளே விட்டு வடித்து, இரத்தத்தில் சேர்ந்த கழிவை இரண்டு நாளாக வெளியேற்றிவந்தார். அன்று காலை குழாய் அடைக்கத் தொடங்கியது. இரத்தத்தையே வெளியே எடுத்து வடிகட்டித் திருப்பிவிடும் இயந்திரத்துக்குச் சென்னைக்குத்தான் போகவேண்டும். விமானம் பிற்பகல் 2.30க்கு, வார்டிலிருந்து பன்னிரண்டுக்குக் கிளம்பவேண்டும். வழியில் குழந்தை தாங்குமா என்பதற்கு டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதற்குள் மூத்திரம் போய்விட்டால் பயணம் வேண்டாம்.

11.05க்கு ஒச்சம்மா வந்து பார்த்தபோது குழந்தையின் இடுப்பில் புதுத்துணி. பழையது ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரு புள்ள மாத்துனது?”

“நான்தான்க்கா,” என்றாள் ஷோபனா. “கந்தாவா, அழுக்கா இருந்துச்சு. கொழாத் தண்ணி ஒழுகிருச்சுன்னு அலசிப் போட்டேன்.”

ஒச்சம்மா குழந்தையின் வயிற்றில் குழாயைச் சுற்றியிருந்த கட்டைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது.

“கொழா ஒழுகலடி. அது மூத்திரம்.”

ஷோபனாவின் முகம் வெளிறியது. டாக்டர் வந்து ஜன்னலைப் பார்த்தார்.

“அலசின துணிய வச்சு நான் என்னக்கா எழுதுறது?”

“செத்த பொறுங்க டாக்டரம்மா.”

ஒச்சம்மா 38 என்று தைத்திருந்த வேறொரு காய்ந்த துணியை எடுத்துவந்தாள். கம்பியில் தொங்கியதிலும் அதே எண்தான். ஷோபனாவின் கையில் துணியை வைத்து, சிரிஞ்சால் அதில் தண்ணீர் விட்டாள்.

“கண்ண மூடிக்க. அப்ப தூக்குனப்ப எப்பிடி இருந்துச்சு? இம்புட்டா?”

“இல்லக்கா. இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

“இன்னும்.” ஷோபனா துணியை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். “பஸ், போதும். இவ்ளோதான்.”

தராசு 49 காட்டியது.

“பதினொண்ணு,” என்றாள் ஒச்சம்மா.

டாக்டர் தாளில் பென்சிலால் எழுதினார். “இது கைக்கணக்குதான். அடுத்ததைக் குழந்தை பேனாவால எழுத வைக்கணும்க்கா. பன்னெண்டுக்குக் கிளம்பாம ஒரு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல ஏர்போர்ட் போகமுடியாது.”

பயணப்பை கட்டிலின்மேல் கட்டியபடியே இருந்தது. ஷோபனா அடிக்கொருதரம் தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

“இனி துணியத் தொட்டே, கைய ஒடிச்சு ஹட் பே கப்பல்ல போட்டுருவேன்,” என்றாள் ஒச்சம்மா.

“டிக்கெட் நீங்க எடுப்பீங்களாக்கா?”

நான்கு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

12.42க்கு ஒச்சம்மா துணியை உருவினாள். காய்ந்த எடை 36. தராசில் 50. தராசைத் துடைத்து மறுபடி வைத்தாள். ஐம்பதேதான். டாக்டர் பேனாவை எடுத்தார். பதினாலு. பென்சிலில் எழுதிய பதினொன்றை அவர் அழிக்கவில்லை.

2.30 விமானத்தின் சத்தம் வார்டுக்குள் கேட்டது. குழந்தை விழிக்கவில்லை. நாலு மணிக்கு ஜன்னல் கம்பித் துணி காய்ந்திருந்தது. ஒச்சம்மா எடைபோட்டு, 38 சரியாக இருக்கக் கண்டு மடித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை குழாயை எடுத்தார்கள். இருபத்தாறாம் தேதி வீடு திரும்பும்போது ஷோபனா வாசலில் நின்று கேட்டாள்:

“வீட்டுலயும் துணிய எடைபோடணுமாக்கா?”

“வேணாம் தாயி. இனிமே அலசிப் போடு.”